ஊருக்குப் போகமுன் ரெயிலரை வற்றவிடுதல்

உடுப்பிட்டியில் கிணற்றடி மோட்டரோடு வளர்ந்தவர்களின் கையில் ஒரு பழக்கம் ஊறியிருக்கும். குழாய் வெறுமையாகக் கூடாது. புட்வால்வு பழுதாகித் தண்ணீர் கிணற்றுக்குள் திரும்பி இறங்கிவிட்டால் மோட்டருக்குக் காற்றுப் பிடித்துவிடும். பிறகு வாளியால் அள்ளி ஊற்றி, மூடியை இறுக்கி, சுவிச்சைப் போட்டு, தண்ணீர் ஏறுகிறதா என்று காதைக் கொடுத்துக் கேட்க வேண்டும். அதனால் குழாய் நிறையத் தண்ணீர் நின்றால்தான் எங்களுக்கு நிம்மதி. ஒன்ராறியோவில் ரெயிலர் வாங்கியவர் முதலில் விட வேண்டியது இந்தப் பழக்கத்தைத்தான். இங்கே ஒக்ரோபர் பிறந்துவிட்டால் குழாய்க்குள் நிற்கிற தண்ணீர்தான் எதிரி. ரெயிலருக்குள் இருக்கும் 12 வோல்ற் பம்ப் தானாகவே காற்றை இழுத்துத் தள்ளித் தண்ணீரை எடுக்கக்கூடியது. வாளியால் ஊற்றி எடுக்கிற வேலை அதற்கு இல்லை. எனவே பயப்படாமல் வற்றவிடலாம்.

ரெயிலரைப் பூட்டிவிட்டு டிசெம்பர், ஜனவரியில் ஊருக்குப் பறப்பவர்களுக்காகவே இந்த அத்தியாயம். கலியாணம், வருஷத் திவசம், வல்வெட்டித்துறைக் கடற்கரையில் தைப்பொங்கலன்று நடக்கும் பட்டப்போட்டி என்று எங்கள் பக்கத்து ஆட்கள் ஊருக்குப் போவதற்கு வைத்திருக்கிற காரணமெல்லாம் கனடாவின் நடுக் குளிர்காலத்தில்தான் வந்து விழுகிறது. மார்கழிக் குளிர் என்று உடுப்பிட்டியில் காதுக்குத் துவாய் கட்டுகிறோமே, அந்தக் குளிர் 20 பாகை செல்சியசை ஒட்டியது. இலங்கையில் புல்லின்மேல் உறைபனி பார்க்க ஜனவரி, பெப்ரவரியில் நுவரெலியாவுக்குப் போக வேண்டும். உறைகிற தண்ணீரை அறிந்தவர்கள் எங்கள் பகுதிக்கு வராமலும் இல்லை. 19ஆம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூடங்கள் தொடங்கிய அமெரிக்க மிஷனரிமாரில் பலர் நியூ இங்கிலாந்துக் குளிரில் பிறந்து வளர்ந்தவர்கள். ஆங்கிலமும் கணக்கும் மருத்துவமும் படிப்பித்தார்கள். குழாயை வற்றவிடுகிற பாடத்துக்கு அங்கே அவசியமே வரவில்லை. அதை நாங்கள் ஸ்காபரோவுக்கும் மார்க்கத்துக்கும் பிரம்ரனுக்கும் வந்த பிறகு காசு கொடுத்துப் படிக்கிறோம்.

எது உடைகிறது, ஏன் உடைகிறது

தண்ணீர் உறையும்போது அதன் கனவளவு ஏறத்தாழ 9 சதவீதம் கூடும். பனிக்கட்டி பக்கவாட்டில் தள்ளிக் குழாயைப் பிளக்கிறது என்றுதான் பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் நடப்பது வேறு. குழாயின் ஓரிடத்தில் பனிக்கட்டி அடைப்புப்போல் பிடித்து, நீளவாக்கில் வளர்கிறது. அதற்கும் மூடியிருக்கும் பைப்புக்கும் இடையில் அகப்பட்ட தண்ணீருக்குப் போக வழி இல்லை. அங்கே அமுக்கம் ஏறி, ஆகப் பலவீனமான இணைப்பு விட்டுக்கொடுக்கிறது. உடைந்த இடத்தில் பனிக்கட்டியே இல்லாமலும் இருக்கலாம். குளிர்காலத்தில் ரெயிலரின் பைப்புகளைத் திறந்தபடி விடச் சொல்வது இந்த அமுக்கம் வெளியேற வழி வேண்டும் என்பதற்காகத்தான்.

இப்போதைய ரெயிலர்களில் பெக்ஸ் என்ற வளையக்கூடிய பிளாஸ்ரிக் குழாய்தான் ஓடுகிறது. அது கொஞ்சம் விரிந்து கொடுக்கும். அதை நம்பி இருப்பவர்கள் மறந்துவிடுவது மற்றச் சாமான்களை. பம்பின் தலை, வடிகட்டியின் கோப்பை, மூலை இணைப்புகள், மலகூடத்தின் வால்வு, வெளிப்புற ஷவரின் திருகு எல்லாம் விறைத்த பிளாஸ்ரிக். அவை விரிய மாட்டா, வெடிக்கும். வெடித்த அன்றைக்கு ஒன்றும் தெரியாது. ஏப்ரல், மே மாதத்தில் தண்ணீரைத் திறக்கும்போதுதான் சுவருக்குள்ளிருந்து ஓடத் தொடங்கும். அதற்குள் தரைப் பலகை ஊறிவிட்டால் குழாயை மாற்றுகிற செலவு சின்னதாகிவிடும்.

“அண்ணை, சின்ன ஹீற்றர் ஒன்றைப் போட்டுவிட்டுப் போனால் காணாதோ?” என்று ஒவ்வொரு வருஷமும் யாராவது கேட்பார்கள். காணாது தம்பி. ஹீற்றர் மின்சாரத்தை நம்பியிருக்கிறது. 2013 டிசெம்பரில் ரொறன்ரோவில் பனிமழை பெய்து, மரக்கொப்புகள் முறிந்து கம்பிகள் அறுந்தபோது, இலட்சக்கணக்கான வீடுகளுக்கு மின்சாரம் போனது. நத்தாரையும் இருட்டில் கழித்தவர்கள் உண்டு. 2021 பெப்ரவரியில் குளிருக்குப் பழகாத ரெக்சாசில் மின்சாரம் நின்று வீட்டுக் குழாய்களே வரிசையாக வெடித்தன. வீட்டில் ஆள் இருந்தால் ஏதாவது செய்யலாம். நீங்கள் உடுப்பிட்டியில் இருக்கும்போது, பூட்டிய ரெயிலருக்குள் ஹீற்றர் நின்றுபோனதை யார் அறிவார்? ஆளில்லாத இடத்தில் ஹீற்றரை ஓடவிடுவது தீப்பிடிக்கவும் வழி. என் கருத்தில் சூடாக்கி வைத்திருப்பது ஆள் குடியிருக்கும் வண்டிக்கான வழி. பூட்டிவிட்டுப் போகும் வண்டிக்கு வற்றவிடுவது மட்டும்தான்.

எப்போது செய்வது

பலர் முதற் பனி கொட்டும்வரை பார்த்திருப்பார்கள். பனி கொட்டுவது அடையாளம் அல்ல. இரவு வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழே இறங்குவதுதான் அடையாளம். ஓரிரு மணித்தியாலம் மைனஸ் 1க்குப் போனால் குழாய் உடனே வெடிக்காது. ஆனால் வண்டியின் அடியில் காற்றுப் படும்படி ஓடும் மெல்லிய குழாய்கள் வீட்டுக்குள் இருப்பவற்றைவிடக் கெதியாக உறையும். ஒன்ராறியோவில் இதற்கு நல்ல நாட்காட்டி ஒன்று இருக்கிறது: ஒக்ரோபர் இரண்டாம் திங்கட்கிழமை வரும் நன்றி நவிலல் விடுமுறை. பருவகால ரெயிலர் பூங்காக்கள் பலவும் அதை ஒட்டித்தான் தண்ணீரை நிறுத்துகின்றன. அந்த நீண்ட வாரவிறுதியின் கடைசி நாளில் வேலையை முடித்துவிட்டால் நவம்பரில் விறைத்த கையோடு திருகாணி தேட வேண்டியதில்லை.

வேலை

முதலில் தாங்கிகள். நல்ல தண்ணீர்த் தாங்கியின் அடியில் உள்ள திருகைத் திறந்து ஓடவிடுங்கள். கழிவுத் தாங்கிகள் இரண்டையும் அதற்கென்று உள்ள இடத்தில் காலியாக்கிக் கழுவிக்கொள்ளுங்கள். மலக் கழிவை முதலில், சோப்புத் தண்ணீரைப் பிறகு விட்டால் பின்னது குழாயைக் கழுவிக்கொண்டு போகும்.

அடுத்தது சுடுதண்ணீர்த் தாங்கி. நேரம் எடுத்துச் செய்ய வேண்டிய இடம் இது. முதல் நாள் இரவே மின்சாரத்தையும் வாயுவையும் நிறுத்திவிடுங்கள். உள்ளே இருக்கும் தண்ணீர் ஆற வேண்டும். ஆறாத தாங்கியின் அடைப்பைக் கழற்றினால் கொதிநீர் கையில் பாயும். பம்பை நிறுத்தி, சூட்டுப் பக்கப் பைப் ஒன்றைத் திறந்து, தாங்கியின் மேலுள்ள அமுக்க வால்வின் நெம்பைத் தூக்கி அமுக்கத்தைப் போக்கிய பிறகே அடியிலுள்ள அடைப்பைக் கழற்றுங்கள். சபேர்பன் வகைத் தாங்கி உருக்கினால் ஆனது. அதன் அடைப்போடு சேர்ந்து நீண்ட மக்னீசியக் கோல் ஒன்று வெளியே வரும். தாங்கி துருப்பிடிக்காமல் தான் கரைந்து போவதுதான் அந்தக் கோலின் வேலை. முக்கால்வாசி கரைந்திருந்தால் புதிது வாங்குங்கள். அட்வூட் வகைத் தாங்கி அலுமினியம், அதற்குக் கோல் இல்லை, சாதாரண பிளாஸ்ரிக் அடைப்பு. இரண்டையும் மாற்றிப் பூட்ட வேண்டாம்.

தண்ணீரோடு வெள்ளைத் தூளும் சிறு கட்டிகளும் விழுந்தால் திடுக்கிட வேண்டாம். உடுப்பிட்டிக் கிணற்றுத் தண்ணீர் கேத்திலின் அடியில் விடுகிற அதே சுண்ணாம்புதான். யாழ்ப்பாணக் குடாநாட்டைப் போலவே தென் ஒன்ராறியோவின் பல பகுதிகளும் சுண்ணாம்புப் பாறைமேல் இருப்பவை. நிலத்தடி நீரை எடுக்கும் குவெல்ஃப், கிச்சினர் போன்ற ஊர்களில் தண்ணீர் கடினமானது. தூள் வருவது நிற்கும்வரை ஒரு மெல்லிய குழாயை உள்ளே விட்டுக் கழுவிவிடுங்கள். அது அடியில் கிடந்தால் அடுத்த வருஷம் சூடாக்கக் கூடுதல் வாயு போகும்.

தாங்கி காலியானதும் அதைச் சுற்றிச் செல்லும் வழியைத் திறக்க வேண்டும். தாங்கியின் பின்புறம், பெரும்பாலும் ஒரு அலுமாரிக்குள், மூன்று வால்வுகள் தெரியும். வெயில் காலத்தில் மேலும் கீழும் உள்ளவை திறந்து, நடுவிலுள்ளது மூடியிருக்கும். இப்போது அதைத் தலைகீழாக்குங்கள்: நடு வால்வைத் திறந்து மற்ற இரண்டையும் மூடுங்கள். கைப்பிடி குழாயின் திசையில் நின்றால் வால்வு திறந்திருக்கிறது, குறுக்கே நின்றால் மூடியிருக்கிறது. சில வண்டிகளில் வால்வு இரண்டுதான், சிலவற்றில் ஒன்றுதான். இந்த வேலையைச் செய்யாவிட்டால் பின்னால் ஊற்றப்போகும் அன்ரிபிறீஸ் என்ற உறையாமல் காக்கும் திரவமெல்லாம் வெறும் தாங்கியை நிரப்பவே போய்விடும். சிறிய தாங்கிக்கே ஏறத்தாழ 23 லீற்றர் பிடிக்கும்.

வண்டியின் அடியில், ஆகத் தாழ்வான இடத்தில், இரண்டு சிறு குழாய்கள் தொங்கும். பெரும்பாலும் சிவப்பு சூட்டுப் பக்கம், நீலம் குளிர்ப் பக்கம். இரண்டின் மூடியையும் கழற்றி, வண்டியின் எல்லாப் பைப்புகளையும் திறந்துவிட்டால் நிற்கிற தண்ணீரில் பெரும்பகுதி ஓடிவிடும். தொங்கும் ஷவரைத் தரையில் இறக்கி வையுங்கள், அதன் நெளிகுழாயில் தண்ணீர் தங்கும். குடிதண்ணீர் வடிகட்டியின் உள்ளிருக்கும் வடிதுண்டைக் கழற்றி எறியுங்கள், அடுத்த வருஷம் அது எப்படியும் உதவாது.

இதற்குமேல் இரண்டு கட்சிகள் உண்டு. ஒன்று காற்றால் ஊதுகிறவர்கள், மற்றது அன்ரிபிறீஸ் என்ற அந்த இளஞ்சிவப்புத் திரவத்தை ஓட்டுகிறவர்கள். இரு பக்கமும் தங்கள் வழியே போதும் என்று பூங்காவில் தேநீர் ஆறும்வரை வாதாடுவார்கள். நான் சொல்வது, முதலில் காற்று, பிறகு திரவம். காற்று மட்டும் போனால் பம்புக்குள்ளும் வால்வுகளின் மடிப்புகளிலும் தண்ணீர் மிஞ்சும். திரவம் மட்டும் போனால் மிஞ்சிய தண்ணீரோடு கலந்து ஐதாகிவிடும்.

காற்று ஊதுவதற்கு, வெளித் தண்ணீர் பூட்டும் வாயில் திருகும் சிறு பித்தளைத் துண்டு கடைகளில் கிடைக்கும். கொம்பிரசரின் அளவை சதுர அங்குலத்துக்கு 40 இறாத்தலுக்கு மேல் வைக்காதீர்கள். ரெயிலரின் குழாய் அமைப்பு வழமையாக வேலைசெய்யும் அமுக்கமும் அதை ஒட்டியதுதான். ரயருக்கு அடிப்பதுபோல் அடித்தால் பனி செய்ய வேண்டிய வேலையை நீங்களே செய்து முடிப்பீர்கள். அடியிலுள்ள மூடிகளைப் பூட்டி, ஒரு நேரத்தில் ஒரு பைப்பை மட்டும் திறந்து, சூடும் குளிருமாக, வெறும் ஈரக் காற்று வரும்வரை ஊதுங்கள்.

திரவத்தை வாங்கும்போது லேபிளை வாசியுங்கள். கனேடியன் ரயரிலும் வோல்மார்ட்டிலும் 3.78 லீற்றர் கலன்களில் இருக்கும். வேண்டியது புரொப்பிலீன் கிளைக்கோல். காரின் ரேடியேற்றருக்கு ஊற்றும் எதிலீன் கிளைக்கோல் நஞ்சு. குடிதண்ணீர்க் குழாய்க்குள் அது ஒரு சொட்டும் போகக் கூடாது. மலிவான இளஞ்சிவப்புக் கலன்கள் சிலவற்றில் எதனோல் கலந்திருக்கும். அது தீப்பற்றக்கூடியது, இறப்பர் வளையங்களையும் உலர்த்தும். வெளியே மைனஸ் 50 என்று பெரிதாக எழுதியிருப்பது குழாய் வெடிக்காமல் காக்கும் எல்லை. அதற்கு வெகு முன்பே திரவம் கூழாகத் தொடங்கும். கூழ் குழாயை உடைக்காது. தண்ணீர் கலந்து ஐதாகினால் அந்த எல்லையும் குறையும்.

பம்பின் அருகில் சிறு உறிஞ்சு குழாயும் திருப்பு வால்வும் இருக்கும். இல்லாவிட்டால் பூட்டிக்கொள்ளலாம். குழாயைக் கலனுக்குள் விட்டு, பம்பைப் போட்டு, குசினிப் பைப்பில் தொடங்குங்கள். குளிர்ப் பக்கம் இளஞ்சிவப்பு வந்ததும் சூட்டுப் பக்கம், பிறகு கைகழுவும் இடம், ஷவர். மலகூடத்தின் மிதியை அதே நிறம் வரும்வரை மிதியுங்கள். வெளிப்புற ஷவரைக் கட்டாயம் நினைவில் வையுங்கள். அது வெளியே ஒரு சிறு கதவுக்குப் பின்னால் இருப்பதால் கண்ணில் படாது, ஆகவே அதிகம் வெடிப்பதும் அதுதான். உடுப்புத் தோய்க்கும் மெசினோ பனிக்கட்டி செய்யும் குளிர்சாதனப் பெட்டியோ இருந்தால் அவற்றின் கைநூலைப் பாருங்கள். ஒவ்வொன்றுக்கும் வழி வேறு. கடைசியாகப் பம்பை நிறுத்தி, ஒரு பைப்பைத் திறந்து அமுக்கத்தைப் போக்கிவிட்டு, வெளித் தண்ணீர் பூட்டும் வாயிலுள்ள சல்லடையைக் கழற்றி, உள்ளிருக்கும் ஒருவழி வால்வை விரலால் மெல்ல அமுக்குங்கள். அங்கே நிற்கும் தண்ணீர் வெளியேறி இளஞ்சிவப்பு எட்டிப் பார்க்கும்.

சிறிய வண்டிக்கு இரண்டு மூன்று கலன் போதும். மிச்சத்தைத் தொட்டிகளின் வடிகாலில் ஒவ்வொரு கோப்பை ஊற்றுங்கள். ஒவ்வொன்றின் அடியிலும் வளைந்த குழாயில் தண்ணீர் நிற்கிறது. கழிவுத் தாங்கிகளின் கதவு வால்வுகள் விறைக்காமல் இருக்க அவற்றுக்குள்ளும் கொஞ்சம் விடலாம். பைப்புகளை அரைவாசி திறந்தபடி விடுங்கள். சாமான் அலுமாரியையும் பாருங்கள். தேங்காய்ப்பால் ரின், நெல்லிக்கிறஸ் போத்தல், சோடா எல்லாம் உறைந்து வெடிக்கிற சாதிதான். பற்றரியைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோங்கள்.

ரெயிலரைப் பார்த்துவிட்டு வீட்டை மறக்காதீர்கள். பல வீட்டுக் காப்புறுதி ஒப்பந்தங்களில், குளிர்காலத்தில் சில நாட்களுக்கு மேல் வீட்டை விட்டுப் போனால் யாராவது வந்து பார்க்க வேண்டும், அல்லது தண்ணீரை அடைத்து வற்றவிட வேண்டும் என்ற நிபந்தனை இருக்கும். பயணச்சீட்டு எடுக்கமுன் முகவரிடம் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். மைத்துனரிடம் திறப்பைக் கொடுத்துவிட்டுப் போனால் மட்டும் போதாது, அவர் வந்து பார்க்கவும் வேண்டும்.

குளிருக்குள் ஓட்டுபவர்களுக்கு

ஊருக்குப் போகாமல் வண்டியோடு புளோரிடாவுக்கு இறங்குபவர்கள் விண்ட்சர், டிட்ரோயிட் வழியாக 75ஆம் நெடுஞ்சாலையைப் பிடிப்பார்கள். மிச்சிகன், ஒஹாயோ, கென்ரக்கி, ரெனசி முழுவதும் டிசெம்பரில் உறையக்கூடிய இரவுகள்தான். ஜோர்ஜியாவின் தெற்கைத் தாண்டும்வரை தாங்கிக்குள் தண்ணீர் விடாதீர்கள். குடிக்கவும் சமைக்கவும் போத்தல் தண்ணீர், மலகூடத்துக்கு ஒரு போத்தலில் இளஞ்சிவப்புத் திரவம், இரண்டு இரவு சமாளிக்கப் போதும். ஓடும்போது அடியில் அடிக்கிற காற்று நின்ற வண்டியைவிடக் கெதியாகக் குழாயைக் குளிர்விக்கும். உள்ளே சூடாக இருக்கிறதே என்று ஏமாற வேண்டாம்.

தண்ணீரோடு குளிரில் தங்கியே ஆக வேண்டுமானால் குழாய் ஓடும் அலுமாரிகளின் கதவுகளைத் திறந்து வைத்து, வண்டியின் சொந்தச் சூட்டுப் பெட்டியை ஓடவிடுங்கள். பல வண்டிகளில் அதன் சூட்டுக்குழாய் அடித்தளத்துக்கும் போகும். தனியாக வைக்கும் மின் ஹீற்றர் அறையைச் சூடாக்கும், அடித்தளத்தை எட்டாது. அப்படியும் உறைந்துவிட்டால் பைப்பைத் திறந்துவிட்டு, பைப்பின் பக்கத்திலிருந்து உறைந்த இடத்தை நோக்கி, தலைமயிர் உலர்த்தும் கருவியால் மெதுவாகச் சூடு காட்டுங்கள். தீச்சுவாலை வேண்டவே வேண்டாம். குளிர் தாங்காமல் வாயு அடுப்பைப் பற்றவைத்து அறையைச் சூடாக்குவதும் கூடாது. பூட்டிய வண்டிக்குள் காபன் மோனோக்சைட் மணமும் நிறமும் இல்லாமல் ஆளைக் கொல்லும். எச்சரிக்கைக் கருவியின் பற்றரியைப் பாருங்கள்.

திரும்பி வந்து திறக்கும்போது

ஏப்ரல் முடிவிலோ மே மாதத்திலோ, இரவு உறைவது நின்ற பிறகு திறவுங்கள். அடியிலுள்ள மூடிகளையும் சுடுதண்ணீர்த் தாங்கியின் அடைப்பையும் பூட்டி, நல்ல தண்ணீர் விட்டு, நிறமும் நுரையும் போகும்வரை ஒவ்வொரு பைப்பையும் ஓடவிடுங்கள். பம்பைப் போட்டு எல்லாப் பைப்பையும் மூடியதும் அது நிற்க வேண்டும். யாரும் தண்ணீர் எடுக்காமல் இடையிடையே பம்ப் தானாக ஓடினால் எங்கோ கசிகிறது. கையில் விளக்கோடு அலுமாரிகளுக்குள் தேடுங்கள்.

பிறகு கிருமி நீக்கம். மணம் சேர்க்காத வீட்டுப் பிளீச் கால் கோப்பையை 55 லீற்றர் தண்ணீருக்கு ஒன்று என்ற அளவில் கரைத்துத் தாங்கியில் ஊற்றி, எல்லாப் பைப்பிலும் மணம் வரும்வரை ஓட்டி, ஒரு இரவு விட்டுக் கழுவிவிடுங்கள். அதுவரை நடு வால்வு திறந்தே இருக்கட்டும். கழுவி முடிந்த பிறகு நடு வால்வை மூடி, மேலும் கீழும் உள்ளவற்றைத் திறந்து, சுடுதண்ணீர்த் தாங்கியை நிரப்புங்கள். சூட்டுப் பக்கப் பைப்பில் காற்று இல்லாமல் தண்ணீர் சீராக வந்த பிறகே ஹீற்றரின் மின் சுவிச்சைத் தொடுங்கள். வெறும் தாங்கியில் போட்டால் உள்ளிருக்கும் சூட்டுக் கம்பி சில நிமிடங்களில் எரிந்துவிடும்.